ஜாக்கெட் போட்ட உருளைக்கிழங்கு

காலை முதல் பஸ்ஸுக்கு மெர்லின் கிளம்பிப் போனதிலிருந்து ஜோவிதா ஷூவைக் கழற்றவில்லை. கேட்டுக்கு உள்பக்கம், வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இட்லி கொண்டு போனேன், தலையை ஆட்டினாள். பால் கொண்டு போனேன். மேலே மிதந்த ஆடையை விரலால் காட்டிவிட்டு தம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். ஆடையை எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டு போனபோது அவளுக்குப் பால் மேல் இருந்த விருப்பமே போய்விட்டிருந்தது.

ஆறு வயது. என் மகள். ஆனால் நாங்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. மனைவி மெர்லின் இங்கிலாந்தில் நர்ஸ். குழந்தை பிறந்து ஒன்றரை வயதில் அவள் போனாள். பிறந்ததிலிருந்து மாமியார் வீட்டிலேயே வளர்ந்த குழந்தையும் மூன்று வயதில் போனது. நான் ஆவூரிலேயே இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். அங்கே போய் என்ன வேலை செய்வது என்று யோசித்தேன், யோசித்துக்கொண்டே இருந்ததில் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இந்த ஈஸ்டர் லீவுக்கு இருவரும் வந்தபோதே மெர்லின் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நைட் டியூட்டி சமயத்தில் ஜோவிதாவைப் பார்த்துக்கொண்ட சிநேகிதி வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள். பகல் டியூட்டி கிடைக்க ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷம் ஜோவிதாவை என்னிடம் விட்டுப் போகலாமா என்பதுதான் பேச்சு. விட்டுப் போ என்று நான் உடனே சொன்னேன். அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் இல்லாம ஒரு முழுநாள் ஒங்ககூட இருக்கட்டும். ஒரு வேளையாச்சும் வயிறாரச் சாப்பிடட்டும். அப்பறம் பேசுவோம். இல்லாட்டி திரும்பக் கூட்டிக்கிட்டே போயிர்றேன்."

அந்த நாள் இன்றைக்கு. மணமேல்குடியில் இருக்கும் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டுப் பிரிக்கிற இடத்தில் கூட இருக்க வேண்டும் என்று மெர்லின் விடியும் முன்பே போய்விட்டாள். எனக்கு மகள் வேண்டும். அதில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. மற்றதெல்லாம் குழப்பம்தான்.

ஜோவிதா என்னைக் கூப்பிடும் விதத்திலேயே அது ஆரம்பிக்கும். என்னை 'என்னங்க' என்பாள். போனில் மெர்லின் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டு அதுதான் என் பெயர் என்று குழந்தை முடிவு கட்டியிருக்கிறாள். வந்த அன்றைக்கு ஏர்போர்ட்டில், "என்னங்க, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டாள். மெர்லின் சிரித்துச் சிரித்து டிராலியில் சாய்ந்துவிட்டாள். நான் திருத்தியிருக்க வேண்டுமோ என்னவோ. அப்பா என்று சொல்லு என்று ஒரு குழந்தையிடம் கேட்டு வாங்குவது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

நானும் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அவளுக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, மடியில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். அவளும் பேசவில்லை. மாதா கோயில் முன்னால், ஏசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்துக்குப் போட்ட மேடையை இன்னும் பிரிக்கவில்லை. வெறும் மூங்கில்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. ஒரு ஆடு வந்து கேட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. முதலில், இந்தப் பிள்ளை என்னைப் போலத்தான் என்று சந்தோஷமாக இருந்தது. நேரம் ஆக ஆக, அவள் பேசாமல் இருப்பது வேறு எதற்கோ என்று தோன்றியது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவள் முதுகு நிமிர்ந்தது, பிறகு தளர்ந்தது. நான் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

"பசிக்குதா பாப்பா?"

"ம்."

"என்ன வேணும்?"

அவள் யோசித்தாள். "ஜாக்கெட்."

ஆவூர் ஏப்ரல் வெயிலில் ஜாக்கெட். குளிருகிறதோ என்று பயந்து நெற்றியில் கை வைத்தேன். சூடாகத்தான் இருந்தது, ஆனால் ஊரே சூடாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, ஏர்போர்ட்டில் அவள் போட்டுக்கொண்டு வந்த பஞ்சு வைத்த நீல ஜாக்கெட்டை எடுத்து வந்தேன். அவள் அதை மரியாதையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது இல்ல. சாப்பிடுற ஜாக்கெட்."

நான் தெர்மாமீட்டரைத் தேடப் போனேன்.

அது கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு சொர்ணவல்லி அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஜோவிதாவோடு பேசிக்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தையல் வேலை. வீட்டின் முன்பக்கமே மிஷின் கிடக்கும். ஊரில் பாதிப் பெண்களின் அளவு அதற்கு மனப்பாடம்.

"என்ன சார், காலைலேர்ந்து புள்ள கேட்டுகிட்டயே ஒக்காந்திருக்கு? எதாச்சும் குடுத்தீங்களா இல்லையா?"

"எதுவும் வேணாங்குறா அக்கா. ஜாக்கெட்டு வேணுமாம்."

"ஜாக்கெட்டா? அடி என் தங்கமே, ஒனக்கு எதுக்குடி இப்பவே ஜாக்கெட்டு? பட்டுப்பாவாட சட்டைய சொல்லுதா இருக்கும் சார். துணி இருந்தாக் குடுங்க, பொழுது சாய முன்ன தச்சுத் தாரேன்."

"அதில்ல அக்கா. சாப்பிடுற ஜாக்கெட்டாம்."

அக்கா கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. குழந்தைக்கா எனக்கா, யாருக்கு உடம்பு சரியில்லை என்று அதற்குத் தெரியவில்லை.

ஜோவிதா பொறுமையாக எங்களுக்கு விளக்கினாள். "சூடா இருக்கும். கத்தியால கட் பண்ணணும். உள்ள பட்டர் வெக்கணும்."

"ஆத்தாடி! ஜாக்கெட்ட வெட்டி வெண்ணெ தடவுறாங்களா அந்த ஊர்ல?"

"அம்மா தடவ மாட்டாங்க. அவன்ல வெப்பாங்க."

அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டது. எனக்கு அந்த 'அவன்' காதில் விழுந்து, உள்ளே இறங்கி, எங்கேயோ நின்றுகொண்டது.

"யாரு பாப்பா அவன்?"

"அவன். எங்க வீட்ல இருக்கு. இங்க ஒங்க வீட்ல இல்ல."

சொர்ணவல்லி அக்கா சட்டென்று மிஷினில் ஏதோ நூல் சிக்கியதுபோல உள்ளே திரும்பிக்கொண்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மூன்று வருஷத்தில் போனில் கேட்ட பின்னணிச் சத்தங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன: ஒரு கதவு, ஒரு இருமல், யாரோ எதையோ கீழே வைக்கிற சத்தம். எல்லாமே டிவியாகவும் இருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து மெர்லினே கூப்பிட்டாள். பஸ் இரைச்சலில் அவள் குரல் பாதி கேட்டது.

"என்னங்க, அறந்தாங்கி தாண்டிட்டேன். சாப்பிட்டாளா?"

"ஜாக்கெட்டு கேக்குறா."

"எடுத்துக் குடுங்களேன். பெட்டியிலதான் இருக்கு."

"குடுத்தேன். சாப்பிடுற ஜாக்கெட்டாம்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "ஐயோ, அது உருளக்கிழங்குங்க! ஜாக்கெட் பொட்டேட்டோன்னு சொல்லுவாங்க அங்க. பெரிய கிழங்கா எடுத்து முழுசா சுட்டு, நடுவுல கீறி, உள்ளுக்குள்ள வெண்ணெ, சீஸ், பீன்ஸ்…"

"மெர்லின், அவன்னு யாரையோ…"

லைன் அறுந்துபோனது. திரும்ப அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது.

ஜோவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் தெரியாதா? சதுரமா இருக்கும். உள்ள லைட் எரியும். வெந்ததும் டிங்னு சத்தம் போடும்."

ஓவன். கேக் சுடுகிற பெட்டி. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானும் விட்டேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒருமுறை உள்ளே போய் நின்றுவிட்ட சொல் முழுவதுமாக வெளியே வரவில்லை.

உருளைக்கிழங்கு என்றால் பிரச்சினை இல்லை. எதிர்ச்சாரியில் ராசு கடை. கேட்டின் தாழ்ப்பாளை நீக்கி, "இந்தா வாரேன் பாப்பா" என்றேன்.

ஸ்டூல் சரிந்து விழுந்தது. ஜோவிதா ஓடிவந்து என் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நோ. வேணாம். அப்படி சொல்லாதீங்க."

எப்படிச் சொன்னேன்? எனக்குப் புரியவில்லை. இன்றைக்கு அவள் முதல் முறையாக என்னைத் தொட்டாள். அதை விலக்கிவிட்டு ரோட்டைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. சட்டை பின்னால் இழுபட நின்றபடியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"ராசு! உருளக்கிழங்கு ஒரு கிலோ. பெருசா பாத்துப் போடு."

"பெருசுன்னா எம்புட்டுப் பெருசு சார்?"

"இருக்கறதுலயே பெருசு. வெண்ணெ இருக்கா?"

"பாக்கெட்டு இருக்கு."

"பீன்ஸு கால் கிலோ. சீஸ் இருக்கா?"

"என்னது?"

"சீஸ்! சீஸ்!"

ராசு காதில் கையைக் குவித்துக் கேட்டான். "சீயக்காதான் சார் இருக்கு. தூளாவா, காயாவா?"

ரோட்டில் போன இருவர் நின்று சிரித்தார்கள். ஜோவிதா என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ராசு சாமான்களைக் கேட்டுக்கு மேலேயே கொடுத்துவிட்டு, "சார் வீட்ல இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். உண்மையில் தெரியவில்லை.

சொர்ணவல்லி அக்கா வீட்டுக் கொல்லையில் விறகடுப்பு உண்டு. சோறு வடித்து முடித்த தணல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. "சுடணும்னா இங்கிட்டு கொண்டாங்க. சக்கரவள்ளிக் கெழங்க சுடுறாப்பல தணல்ல பொதைச்சு விட்டா தன்னால வெந்துரும்" என்றது அக்கா. நான்கு கிழங்குகளைப் புதைத்தோம். அது வேகிற நேரத்தில் நான் பீன்ஸைப் பொடியாக நறுக்கி, கடுகு தாளித்து, தேங்காய் துருவிப் போட்டுப் பொரியல் செய்தேன். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன். பொரியல் எனக்கு நன்றாக வரும். நேரம் ஒன்றைத் தாண்டியிருந்தது. காலையிலிருந்து குழந்தையின் வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை.

கிழங்குகளை வெளியே இழுத்தபோது கரிக்கட்டைகள் போல இருந்தன. சாம்பலைத் தட்டி, விரலை ஊதி ஊதித் தோலை உரித்தேன். ஒரு துளி கருப்பு இல்லாமல், கண்ணைக்கூட நோண்டி எடுத்தேன். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக, ஆவி பறக்க, அழகாக இருந்தது. நடுவில் கீறி, வெண்ணெய் வைத்து, பொரியலைத் திணித்து, தட்டில் வைத்து மகளுக்கு முன்னால் கொண்டு போனேன். பிள்ளைக்காக நான் செய்த முதல் சமையல் இது என்று அப்போதுதான் உறைத்தது. 

ஜோவிதா தட்டைப் பார்த்தாள். கிழங்கை ஒரு பக்கம் உருட்டிப் பார்த்தாள். குனிந்து தட்டுக்கு அடியில் பார்த்தாள்.

"ஜாக்கெட் எங்க?"

"இதான் பாப்பா ஜாக்கெட்டு."

"இது பொட்டேட்டோ." ரொம்ப நிதானமாகச் சொன்னாள். "ஜாக்கெட் எங்க?"

 அவள் எழுந்து, நான் உரித்துப் போட்ட பேப்பரண்டை போனாள். கருகிய தோல்களில் ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். அது அவள் விரலிலேயே பொடிந்தது.

"இதுதான் ஜாக்கெட். நீங்க தூக்கிப் போட்டுட்டீங்க."

அதற்கப்புறம்தான் அழுதாள். சத்தமில்லாமல், வாயைத் திறக்காமல், கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சாம்பல் ஒட்டிய கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் கோடாகிவிட்டது. "பீன்ஸும் இது இல்ல," என்றாள் நடுவில். "ஆரஞ்சா இருக்கும். ஜூஸுக்குள்ள கெடக்கும்."

"தட்டாம்பயறா இருக்குமோ?" என்றது அக்கா மெதுவாக.

நான் அந்தத் தோல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேகவைத்தால் உரிப்பது, உரித்தால் ஆட்டுக்குப் போடுவது. இதைத் தவிர உருளைக்கிழங்குத் தோலைப் பற்றி என் வாழ்நாளில் ஒரு நிமிஷம்கூட நான் நினைத்ததில்லை. அது ஒரு உடுப்பு என்று இன்னொரு ஊரில் ஒரு குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் குழந்தை என்னுடையது. அவள் கேட்டதையே கேட்டு வாங்கி, சுட்டு, அதைத்தான் கவனமாக உரித்து எறிந்திருக்கிறேன். சாயங்காலம் மெர்லின் வந்து கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். சாப்பிடவில்லை, அழுதாள். அவள் பெட்டியைக் கட்டுவாள். அது சரிதானோ என்றும் பட்டது. ஒரு கிழங்கையே இப்படிப் புரிந்துகொண்டவன் ஒரு வருஷத்தை என்ன செய்வான்?

 அக்காவுக்கு அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பழக்கமில்லை.

"சார், கிறிஸ்மஸுக்கு ஒங்க ஆளுங்கல்லாம் குக்கர்ல மணலு போட்டு கேக்கு சுடுவீங்கல்ல? அதே மாரி சுட்டா என்ன? தோலு கருகாது."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே அக்கா."

"வேதக்கார வீட்டுல பொறந்துட்டு கேக்கு சுடத் தெரியாதாம். கொண்டாங்க குக்கர. மணலு வேணாம், கல்லுப்பு போடுவோம்."

குக்கரின் அடியில் கல்லுப்பைக் கொட்டி, ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு அடுப்பில் வைத்தோம். மிச்சமிருந்த கிழங்குகளில் பெரிதாக மூன்றை நான் கழுவினேன். கத்தியைக் கையில் எடுத்ததும் ஜோவிதா பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். என் மேல் அவளுக்கு இனி நம்பிக்கை இல்லை.

"தோல எடுக்காதீங்க."

"எடுக்கல."

"தொடைக்கணும். தண்ணி இருக்கக்கூடாது."

துடைத்தேன்.

"ஃபோர்க்கால குத்தணும். இல்லன்னா வெடிச்சிரும்."

வீட்டில் ஒரே ஒரு முள்கரண்டி இருந்தது. அவளே குத்தினாள், ஒவ்வொரு குத்துக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு. பிறகு எண்ணெய் கேட்டாள். நான் கிண்ணத்தில் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றினேன். மோந்து பார்த்து, இது வேறு என்றாள். ஆனால் பரவாயில்லை என்றாள். உள்ளங்கையில் ஊற்றித் தலைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோலக் கிழங்குகளுக்குத் தேய்த்து, தூளுப்புத் தூவினாள். "என்னங்க, நீங்க ஒண்ணு தேய்ங்க" என்று ஒன்றை என்னிடம் தந்தாள். அக்கா இஞ்சு டேப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தது. "என்னங்கவாம்! என்னங்க, ஒழுங்கா தேய்ங்க!"

உப்புக்கு மேல் இட்லித் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கிழங்குகளை வைத்து மூடினோம். ஒரு மணி நேரமாவது ஆகும் என்றது அக்கா. ஜோவிதா மறுபடியும் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நானும் என் நாற்காலிக்குப் போனேன். இந்தத் தடவை புத்தகத்தை எடுக்கவில்லை.

அக்காவிடம் சட்டை தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெண், கார்த்திகா என்று பெயர், வந்து வாங்கிக்கொண்டு கிளம்பினாள். "வாரேன் அக்கா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பினாள். "சரி, வா" என்றது அக்கா. வண்டி திரும்பி மேடைப் பக்கம் மறைந்தது.

ஜோவிதா அது போன திசையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்த ஆன்ட்டி வாரேன்னு சொன்னாங்க. ஆனா போறாங்க."

"ஆமா. போறப்ப அப்படித்தான் சொல்லுவாங்க."

"போறப்ப வாரேன்னா?"

"ஆமா பாப்பா."

"ஏன்?"

ஏன்? நான் வகுப்பில் முகலாயர்களையும் பஞ்சாயத்து ராஜையும் விளக்கியிருக்கிறேன். இதை விளக்க வரவில்லை. போறேன் என்று சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் கூடாது என்று யாரும் கேட்டதில்லை. "திரும்பி வருவேன்னு அர்த்தம்," என்றேன் கடைசியில். "எப்பவாச்சும்."

 அவள் ஷூ நுனியால் மண்ணைக் கீறினாள்.

"அம்மாவும் இந்தா வாரேன்னு சொன்னாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடியற்காலையில் தூக்கம் கலைந்து இவள் சேலையைப் பிடித்துக்கொண்டபோது, மெர்லின் குனிந்து முத்தம் கொடுத்துச் சொன்னது அதுதான். இந்தா வாரேன். கேட்டுப் பார்த்தேன். அங்கே டியூட்டிக்குப் போகும்போது அவள் 'பை' சொல்லிவிட்டுப் போவாளாம். வாரேன் என்றால் அடுத்த அறையிலிருந்து வருவாளாம். ஆகவே இந்தப் பிள்ளை வெளியே கிளம்பத் தயாராக ஷூவை மாட்டிக்கொண்டு, இதோ வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள் என்று காலையிலிருந்து கேட்டைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். இட்லி சாப்பிட்டால் அந்த நேரத்தில் வந்துவிட்டால்? நானும் அதே சொல்லைச் சொல்லித் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறேன்.

"அம்மா பொழுது சாயறப்ப வருவாங்க," என்றேன். "அதோ அந்த மேடைக்கு அங்கிட்டு பஸ் நிக்கும். அதுலேருந்து எறங்குவாங்க. அதுக்கு முன்ன வர மாட்டாங்க."

"இன்னும் ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம்."

ஆறுதலாக ஏதாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.  அதற்குள் அவள் குனிந்து ஷூவின் பட்டையைப் பிய்த்தாள். ஒன்றைக் கழற்றினாள். கொஞ்சம் யோசித்து மற்றதையும் கழற்றி, இரண்டையும் ஜோடியாக ஸ்டூலுக்குக் கீழே வைத்தாள். வியர்வையில் சாக்ஸ் காலோடு ஒட்டியிருந்தது.

குக்கரைத் திறந்தபோது கிழங்குகள் பழுப்பாக, தோல் சுருங்கி, உப்புப் பொரிந்து இருந்தன. டிங் சத்தம்தான் இல்லை. ஜோவிதாவே "டிங்" என்றாள். சிலுவைபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, இரண்டு பக்கமும் அமுக்க, உள்ளிருந்து மாவு பிதுங்கி வந்தது. வெண்ணெயை வைத்தாள். சீஸ் இல்லை. பொரியலை ஒரு ஸ்பூன் எடுத்துச் சந்தேகமாக ஒரு ஓரத்தில் வைத்தாள். பிறகு தோலின் ஒரு முனையைக் கிழித்து வாயில் போட்டு மென்றாள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்படி இருக்கு தங்கம்?" என்றது அக்கா.

"அம்மா பண்றது வேற."

நல்ல வேறா, கெட்ட வேறா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்று முடிந்தது. இரண்டாவதைத் தானே எடுத்தாள். அதில் ஒரு துண்டுத் தோலை என் பக்கம் நீட்டினாள். "என்னங்க, ஜாக்கெட் சாப்பிடுங்க." சாப்பிட்டேன். மண்வாசனையும் உப்புமாக, சுட்ட பனங்கிழங்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டு வேறெங்கோ போகிற ருசி. எனக்குப் பிடித்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

மெர்லின் வந்தபோது கோயிலில் விளக்குப் போட்டிருந்தார்கள். கையில் மாமியார் கொடுத்த கருவாட்டுப் பொட்டலம். ஜோவிதா கேட்டிலிருந்தே ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மெர்லினின் கண் முதலில் ஸ்டூலுக்குக் கீழே இருந்த ஷூவில் நின்றது, பிறகு என்மேல்.

"சாப்பிட்டாளா?"

"ரெண்டு கெழங்கு."

"தோலோடயா?"

"தோலுதான் மொதல்ல."

அவள் கருவாட்டைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளைக் காலிடுக்கில் இழுத்து வைத்துத் தலையைக் கோதினாள். சாம்பல் கோடு இன்னும் கன்னத்தில் இருந்தது. அதை எச்சில் தொட்டுத் துடைத்தாள். பிள்ளை இங்கே இருப்பாளா என்று நான் கேட்காததைக் கேட்க அவளும் அவசரப்படவில்லை. கடைசியில் குனிந்து சொன்னாள்.

"பாப்பா, அம்மா ஊருக்குப் போனாலும் நீ இங்க இவங்ககூட இருக்கியா? ஸ்கூலுக்கெல்லாம் இங்கயே போகலாம். அடுத்த ஈஸ்டருக்கு அம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போவேன்."

ஜோவிதா என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்க ஸ்கூலுக்குப் போறப்ப என்ன சொல்லுவீங்க?"

அந்த நாளில் கேட்டவுடன் எனக்குப் புரிந்த ஒரே கேள்வி அதுதான்.

"போறேன்னு சொல்லுவேன். சாயந்தரம் பெல் அடிச்சதும் வருவேன்னு சொல்லுவேன்."

"வாயக் கழுவுங்க," என்றாள் மெர்லின். "யாராச்சும் போறேன்னு சொல்லுவாங்களா?"

"அவளுக்கு அதான் புரியுது."

"வாரேன்னு சொல்ல மாட்டீங்கல்ல?" என்றாள் ஜோவிதா.

"மாட்டேன்."

"அம்மாவும் சொல்லக்கூடாது. ஏர்போர்ட்ல."

மெர்லின் என்னைப் பார்த்தாள். நான் கார்த்திகாவின் ஸ்கூட்டியையும் ஷூவையும் சொன்னேன். அவ்வளவு பேச எனக்கு நேரம் பிடித்தது. கேட்டு முடித்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "சொல்ல மாட்டேன்" என்றாள் மகளிடம்.

ஜோவிதா விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "ஓகே" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. காலையிலிருந்து வேறு எதையும் நான் கேட்கவில்லை. ஆனாலும் எழுந்து சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஆறு வயதுக் குழந்தை ஒரு சொல்லை வைத்துத் தன் ஒரு வருஷத்தைத் தீர்மானித்துவிட்டாள். அவள் எதற்குச் சரி சொன்னாள் என்று அவளுக்கே தெரியுமா?

மெர்லின் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதத்தான கேட்ட?" என்றேன்.

"ஆமா. இதத்தான் கேட்டேன்." "சாப்பிட மாட்டான்னு நெனச்சேன்" என்றாள். "அழுதுகிட்டே இருப்பா, கூட்டிக்கிட்டுப் போயிரலாம்னு இருந்தேன். பஸ்ல வர்றப்பகூட."

"அப்பக் கூட்டிக்கிட்டுப் போறியா?"

"தெரியலைங்க. ராத்திரி யாரு பாத்துக்குவா?"

அவள் என்னிடம் கேட்கிறாளா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. அந்த 'அவன்' குழப்பத்தை அவளிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று மதியம் நினைத்திருந்தேன். இப்போது அது சிரிப்பாக வரவில்லை. மூன்றாவது கிழங்கு ஆறிப்போய்த் தட்டில் இருந்தது. மெர்லின் அதை எடுத்து, தன்னையறியாமல் நகத்தால் தோலை உரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக் கீழே வைத்தாள்.

"ஒடம்பெல்லாம் பஸ் புழுதி," என்று எழுந்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். "குளிச்சிட்டு வாரேன்."

ஜோவிதா சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, இது எந்த வாரேன்?"

"இது நெசமா வாரது," என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டண்டையிலிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, பாத்ரூம் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே குழாய் திறந்திருந்தது. பக்கெட் நிறைந்து தண்ணீர் வழிகிற சத்தமும், நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. மொண்டு ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.